பனிநிலம் சென்றோர் கட்டிய மூட்டை

கடுங்குளிர் நிலத்துக்குப் புறப்படுவோன் எவ்வளவு தடித்த ஆடையை அணிகின்றானோ அவ்வளவுக்குக் காப்புடையவன் என வெப்பநாட்டார் எண்ணுவது இயல்பே. பனிக்கட்டியாறுகளின் மேலேறித் தென்முனைவை நாடிச் சென்ற இரு குழுவினரின் வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. அங்கே மனிதனுக்குப் பகையாய் நின்றது வெளியிலிருந்து வந்த குளிர் மாத்திரமன்று. அவன் உடம்பிலிருந்தே புறப்பட்ட வியர்வையும் பகையாயிற்று.

நோர்வே நாட்டவரான றோல்ட் அமுண்ட்சன் 1903 முதல் 1905 வரை கனடாவின் வடக்கேயுள்ள கிங் வில்லியம் தீவில் இரண்டு மாரிகாலங்களைக் கழித்தார். அங்கு வாழ்ந்த நெற்சிலிக் இனுயிற் மக்களிடம் அவர் மாணவராகவே அமர்ந்தார் எனலாம். அம்மக்கள் பனிமான் தோலால் இரண்டு உடைகள் அணிந்தனர். உள்ளுடையின் உரோமம் உடம்பை நோக்கியிருக்கும். வெளியுடையின் உரோமம் புறத்தை நோக்கியிருக்கும். இரண்டும் தளர்வாகத் தைக்கப்பட்டவை. ஆகையால் இடையே காற்று உலாவும். வியர்வை தங்காது வெளியேறும். நாகரிகம் முதிர்ந்ததெனத் தம் நாட்டைக் கருதிய வேறு பலர் இதனைக் கண்டும் காணாதவராய்த் திரும்பினர். அமுண்ட்சன் கற்றுக்கொண்டார்.

ஆங்கிலேயரான கப்டன் ஸ்கொட்டின் குழுவினரோ உள்ளே கம்பளியும், மேலே காற்றுப் புகாத நெருக்க நெசவுத் துணியும் அணிந்தனர். பாதணியும் உறங்கும் பையும் மாத்திரமே பனிமான் தோலால் ஆயவை. இதனைப் பேதைமை என்று எழுதுவோர் உளர், அது நீதியன்று. அமுண்ட்சனின் சறுக்குவண்டிகளை நாய்கள் இழுத்தன. ஸ்கொட்டின் வண்டிகளையோ, பியட்மூர் பனிக்கட்டியாற்றின் மேலே, பன்னிரண்டு மனிதர் தோளில் வாரிட்டு இழுத்தனர். அவ்வுழைப்பிலே தோலாடை அணிந்தவன் தன் வியர்வையிலேயே நனைந்திருப்பான். செல்லும் முறையே உடையைத் தீர்மானிக்கின்றது. குறை கூறவேண்டுமாயின், மனிதனே இழுக்கவேண்டும் என்ற துணிபைக் கூறலாம்.

கம்பளி வியர்வையை உட்கொண்டால் யாது நிகழும் என்பதை அக்குழுவினர் மூவர் முன்னரே அறிந்திருந்தனர். 1911 ஆம் ஆண்டு யூன் 27 இல் வில்சன், பவர்ஸ், செரி-காராட் ஆகியோர் எம்பெரர் பென்குயின் பறவையின் முட்டைகளைத் தேடிக் குறோசியர் முனைக்குச் சென்றனர். மாரிக்கால இருளிலே ஐந்து வாரம் நீடித்த பயணம் அது. உறைநிலைக்குக் கீழே 60 பாகை செல்சியசு வரையும் குளிர் இறங்கியது. ஒரு காலை கூடாரத்தை விட்டு வெளிவந்த செரி-காராட் சுற்றிப் பார்ப்பதற்குத் தலையை நிமிர்த்தினார். சில விநாடிகளுக்குள் அவருடைய ஈர உடை பலகைபோல் இறுகிவிட்டது. தலையைத் தாழ்த்த முடியவில்லை. நான்கு மணி நேரம் நிமிர்ந்த தலையுடனேயே வண்டி இழுத்தார். அதன்பின் மூவரும் வெளிவந்தவுடனே, உடை உறையுமுன், வண்டியிழுப்பவன்போற் குனிந்து நிற்கப் பழகினர். புறப்படும்போது 18 இறாத்தல் நிறையுடையதாயிருந்த அவருடைய உறங்கும் பை திரும்பியபோது 45 இறாத்தல் இருந்தது. ஏறிய நிறை முழுவதும் மூச்சும் வியர்வையும் உறைந்த பனிக்கட்டியே. அவர் 1922 இல் வெளியிட்ட நூலில் இவற்றைத் தாமே எழுதியுள்ளார்.

அதே மாரிக்காலத்தில் அமுண்ட்சனின் ஆட்கள் பனிக்கடியிற் குடைந்த அறைகளிலிருந்து பொருள்களைத் திருத்திக்கொண்டிருந்தனர். பியாலாண்ட் என்னும் தச்சுவல்லவர் சறுக்குவண்டிகளை இழைத்து, அவற்றின் நிறையை மூன்றிலொரு பங்குக்கும் கீழே குறைத்தார். பெட்டிகளின் பலகைகளும் இழைக்கப்பட்டன. காலுறைகள் பல அணிய இடம் வேண்டுமெனச் சப்பாத்துக்கள் மீண்டும் மீண்டும் பிரித்துத் தைக்கப்பட்டன. இத்தனை செய்தும் செத்தெம்பர் 8 இல் அவசரப்பட்டுப் புறப்பட்டுக் குதிகால்கள் உறைந்து திரும்ப நேர்ந்தது. ஒக்தோபரில் மறுபடியும் புறப்பட்டு, அக்செல் ஹைபேர்க் பனிக்கட்டியாற்றில் நாய்களுடன் ஏறி, திசெம்பர் 14 இல் முனைவை அடைந்தனர். வழியிலே சுமை குறைப்பதற்காகச் சப்பாத்தின் கீழ்க் கட்டும் இரும்பு முட்களை விட்டுச்சென்றனர்; பின்னர் வெடிப்புகள் நிறைந்த வேறொரு பனிக்கட்டியாற்றில், அவை கையில் இல்லையே என்று வருந்தினர். தேர்ந்தவன் கட்டிய மூட்டையிலும் ஒரு பிழை இருந்தது.

ஸ்கொட்டின் மூட்டையில் இருந்த பிழை சிறியது, விளைவோ பெரிது. மண்ணெண்ணெய்த் தகரங்களின் மூடியில் தோல் வளையம் இடப்பட்டிருந்தது. கடுங்குளிரில் அது இறுக்கம் இழக்க, எண்ணெய் கசிந்து ஆவியாயிற்று. முன்னரே பட்டறிந்த அமுண்ட்சன் தமது தகரங்களை ஈயத்தாற் பற்றவைத்திருந்தார். எண்ணெய் இல்லையேற் பனியை உருக்கிக் குடிக்கவும் இயலாது. ஈரத்தை உலர்த்தவும் இயலாது. 1912 மார்ச் 2 இல் ஸ்கொட் தமது நாட்குறிப்பில் எண்ணெய்க் குறைவையும், பாதணிகளை அணியவே ஒன்றரை மணி நேரம் சென்றதையும் ஒன்றாகவே குறித்துள்ளார். அம்மாத இறுதியில், சேமிப்பிடத்துக்கு 11 மைல் இருக்கையில், அவரும் வில்சனும் பவர்சும் கூடாரத்துள் இறந்தனர்.

நவம்பரிலே தேடிச் சென்றோர் கூடாரத்தருகே பனியில் புதைந்த வண்டியில் 35 இறாத்தல் கற்களைக் கண்டனர். திரும்பும் வழியில் பியட்மூர் பனிக்கட்டியாற்றின் ஓரத்தில் பொறுக்கியவை. இறுதிவரை அவற்றை எறிந்தாரில்லை. அவற்றிற் குளொசொப்றெறிசு என்னும் பழந்தாவரத்தின் இலைச்சுவடுகள் இருந்தன. அதே இலை இந்தியாவின் நிலக்கரிப் பாறைகளிலும் உண்டு. அந்தாட்டிக்காவும் இந்தியாவும் ஒருகாலத்தில் ஒரே நிலமாய் இருந்தமைக்கு அச்சுமையும் ஒரு சான்றாக இலண்டன் அரும்பொருட்சாலையில் இருக்கின்றது.