நீலத்திரை வந்தவுடன் கார்ட்டை வீசாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்பியூட்டர் இருப்பவர்கள் கடைசி வரை வாசிங்க.

போன மாதம் ஏஎல் படிக்கும் பிள்ளை ஒருவரின் உம்மா, பெட்ஷீட்டில் சுற்றிய கம்பியூட்டரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்கிரீன் கறுத்துத் திரும்ப வருமாம், பிறகு நீலமாகி நின்றுவிடுமாம். பிள்ளை ஐசிடி பாடத்துக்குச் செய்த வேலை முழுக்க அதற்குள். ஒரு கடையில் "கிராபிக்ஸ் கார்ட் செத்துப்போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். "காதுல கெடக்குறத அடகு வைக்கவா சேர்?" என்று கேட்டார்.

இந்த நீலத்திரைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. விண்டோஸ் என்டியின் ஆரம்பப் பதிப்புகளில், திரையில் படம் வரையும் வேலை பெரும்பாலும் கெர்னல் என்ற மையப் பகுதிக்கு வெளியே நடந்தது. 1996இல் வந்த என்டி 4.0இல் வேகத்துக்காக அதை உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் வைத்துப் பேசியவரை நேரே குசினிக்குள் விட்ட மாதிரி. வேகம் கிடைத்தது, ஆனால் கிராபிக்ஸ் ட்ரைவரில் ஒரு பிழை வந்தால் முழு மெஷினும் விழுந்தது. 2001இல் வந்த எக்ஸ்பியிலும் இதே ஏற்பாடுதான். அந்தக் காலத்தில் கம்பியூட்டர் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2007இல் விஸ்டா வந்தபோது ட்ரைவரின் பெரும்பகுதியை மறுபடி வெளியே எடுத்தார்கள். கூடவே ஒரு புது விதி: கார்ட் 2 செக்கனுக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் கார்டை மட்டும் மீட்டமைக்கும். ஸ்கிரீன் கறுத்துத் திரும்ப வருவது அதுதான். காப்பாற்றும் முயற்சி அது, சாவு அல்ல. அந்த முயற்சியும் தோற்றால்தான் நீலம்.

ஆனால் எல்லோரும் ட்ரைவரைப் புதிதாக எழுத வேண்டி வந்தது, அவசரத்தில் பிழைகள் குவிந்தன. 2008இல் அமெரிக்க வழக்கொன்றில் வெளியான மைக்ரோசாப்ட் ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதம் என்விடியா ட்ரைவர்களால் வந்தவை. மைக்ரோசாப்டின் பங்கு 17.9. எத்தனை பேர் நல்ல கார்டைக் கழற்றி வீசியிருப்பார்களோ!

அதற்காகக் கார்ட் பழுதாகவே ஆகாது என்றும் இல்லை. அதே 2008 ஜூலையில், தன் லப்டொப் சிப்கள் சிலவற்றின் பொதியில் பலவீனமான பொருள் இருந்ததாக என்விடியாவே ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டொலர் ஒதுக்கியது. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து இணைப்புகள் விட்டுப்போயின. அப்படிப்பட்டதை அவனில் வைத்துச் சூடாக்கினவர்களும் உண்டு. சில நாள் ஓடும், திரும்பச் சாகும். வீட்டுச் சாப்பாட்டு அவனில் தயவுசெய்து செய்யாதீங்க.

பிரித்தறிவது எப்படி? விண்டோஸ் வர முன்னமே, கம்பெனி லோகோ தெரியும்போதே கோடுகளும் கட்டங்களும் விழுந்தால் கார்டைச் சந்தேகிக்கலாம். சேஃப் மோடில் மணிக்கணக்காக ஒழுங்காக ஓடி, சாதாரணமாக ஓடும்போது மட்டும் விழுந்தால் ட்ரைவரைச் சந்தேகிக்க வேண்டும். விளையாடும்போதும் வீடியோ ஓடும்போதும் மட்டும் விழுந்தால் சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்க. 2022இல் ஒரு கட்டத்தில் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, வந்து வந்து போன அந்தக் கரண்டைத் தாங்கிய பவர் சப்ளைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன.

நம் ஊருக்கே உரிய இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் களப்பு, ஒரு பக்கம் கடல், நடுவில் உப்பளம். ஜன்னல் கம்பியைத் தின்னும் காற்று கார்டின் பித்தளை நிறப் பற்களை விட்டுவைக்குமா?

அந்த மெஷின் சேஃப் மோடில் ஒரு மணிநேரம் ஓடியது. முதலில் பிள்ளையின் பைல்களைப் பென்டிரைவில் எடுத்தோம். பிளக்கைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்து, பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டினோம். பழைய ட்ரைவரை முழுதாக நீக்கிவிட்டு, கார்ட் கம்பெனியின் தளத்திலிருந்தே புதியதைப் போட்டோம். கடையில் அந்தக் கார்டுக்குப் பொருந்தாத பதிப்பைப் போட்டிருந்தார்கள். மூன்று வாரமாக ஓடுகிறது. தோடு காதில்தான் இருக்கிறது.

எங்கள் லேப்பில் இதே வேலையைச் செய்தும் ஒரு மெஷின் எழும்பவில்லை. லோகோவிலேயே கோடு. அதற்குக் கார்ட் மாற்றத்தான் வேண்டும்.

உங்கள் மெஷினிலும் நீலம் வந்தால், ஓஃப் பண்ண முன் அந்தத் திரையை போனில் ஒரு படம் எடுத்து வையுங்க. கீழே இருக்கும் எழுத்துகளைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.