இல்லக் கணினியும் இலவச ரெஜிஸ்ட்ரி எடிட்டரும்: தேர்வுக்கு ஓர் அளவுகோல்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட பின்னர், பாலகாட் முதலிய குடியிருப்புகளின் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு, நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவதே ஜீவனோபாயமாயிற்று. அந்நகரின் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கணினியொன்று இத்தகைய இல்லத்துக்கு வந்து சேரும்போது, முன்னிருந்தவர் நிறுவி நீக்கிய மென்பொருள்களின் மிச்சசொச்சங்களும் அதன் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தங்கிக் கூடவே வந்துவிடுவதுண்டு. அவற்றைத் திருத்த எந்த இலவச எடிட்டர் உசிதமானது என்று கேட்டால், வசதிகள் மிகுந்ததே சிறந்தது என்பது சாமானியமாகக் கிடைக்கும் விடை. அவ்விடை பொருந்தாது, மாற்றியதை மீட்டுத் தரும் சக்தியே முதல் அளவுகோலாதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் சித்தாந்தம்.

1992-இல் விண்டோஸ் 3.1-உடன் சிறிய அளவில் தோன்றி, 1995-இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, அதுகாறும் சிதறிக் கிடந்த ஐஎன்ஐ கோப்புகளின் ஸ்தானத்தைப் பெரும்பாலும் தனதாக்கிக்கொண்ட ரெஜிஸ்ட்ரி, இன்று கணினியின் அமைப்பு விவரங்களுள் பெரும்பாலானவற்றுக்கு மூல ஆவணமாக விளங்குகிறது. விண்டோஸோடு கூடவே வரும் ரெஜெடிட், இட்ட மாற்றத்தை அக்கணமே எழுதிவிடும். சேமிக்கவா என்று கேட்பதுமில்லை, செய்ததை மீட்கும் அன்டூ வசதியும் அதில் இல்லை. தொடும் முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்க என்ற உபதேசம் இக்குறையினின்றே பிறந்தது.

அவ்வுபதேசம் அவசியமே, ஆயினும் பூரணமன்று. தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கும் பாலகாட்டு இல்லத்தில், பயனருக்குரிய பகுதியில் 'கீபோர்டு லேஅவுட்' என்பதன் கீழுள்ள 'பிரீலோட்' என்ற கீயைத் திறந்து பார்ப்போம். அங்கு 1 என்ற பெயரில் அமெரிக்க ஆங்கில விசைப்பலகைக்குரிய 00000409 என்ற எண்ணும், 2 என்ற பெயரில் தமிழுக்குரிய 00000449 என்ற எண்ணும் இருப்பதாகக் கொள்வோம். இதை எக்ஸ்போர்ட் செய்துவைத்து, தமிழுக்குரிய எண்ணை மாற்றியும், 3 என்ற பெயரில் கன்னடத்தைப் புதிதாகச் சேர்த்தும் விட்டு, பிறகு சேமித்த கோப்பை மீண்டும் இணைத்தால், தமிழ் பழைய நிலையை அடையும். புதிதாகச் சேர்த்த மூன்றாவதோ அழியாமல் அப்படியே நிற்கும். மாறியதையும் நீங்கியதையும் மீட்கும் அக்கோப்பு, கூடியதை நீக்குவதில்லை.

ஆகவே எடிட்டரைத் தேர்பவர் முதலில் காணவேண்டுவது அன்டூ; அடுத்தது தேடல். ரெஜெடிட் தேடியதை ஒவ்வொன்றாகவே காட்டும். அடுத்ததற்கு எஃப்3 விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிர்சாஃப்டின் ரெஜ்ஸ்கேனர் கண்டவற்றையெல்லாம் ஒரே பட்டியலாகத் தந்து, வேண்டிய இடத்தை ரெஜெடிட்டிலேயே திறந்துவிடும். ரெஜிஸ்ட்ரி ஃபைண்டர் பட்டியலோடு அன்டூவையும் அளிக்கிறது, இரண்டும் இலவசமானவை. மூல நிரலையும் பார்வையிட விரும்புவோர்க்கு டோட்டல் ரெஜிஸ்ட்ரி இருக்கிறது.

இத்தனை சிரமம் எதற்கு, ஒரே சொடுக்கில் அனைத்தையும் துடைக்கும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் போதாதா என்ற ஆட்சேபம் எழலாம். அத்தகைய கருவிகளைப் பிரயோகிப்பதற்குத் தன் ஆதரவில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்துள்ளது. பயனற்றுக் கிடக்கும் சில பதிவுகளால் கணினியின் வேகம் குன்றுவதில்லை. தவறி நீக்கப்படும் ஒரு பதிவோ கணினியையே முடக்கக்கூடும். மேலும், விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல், ரெஜிஸ்ட்ரியை ரெக்பேக் என்ற ஃபோல்டரில் தானே பிரதியெடுத்து வைக்கும் வழக்கமும் நிறுத்தப்பட்டுவிட்டதால், தவறு நேர்ந்தால் மீட்க அப்பிரதியை நம்பியிருக்க இயலாது.

எனவே நம் நிர்ணயம் இது: எப்போதேனும் ஓரிரு மதிப்புகளை மட்டும் மாற்றுவோர்க்கு ரெஜெடிட்டும் ரெஜ்ஸ்கேனரும் போதும், அடிக்கடி திருத்துவோர் ரெஜிஸ்ட்ரி ஃபைண்டரைக் கொள்க, கிளீனர்களை எவரும் தீண்டற்க. எதைக் கொண்டாலும், கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் விண்டோஸ் வசதியான சிஸ்டம் ரெஸ்டோர் இயங்குநிலையில் இருக்கிறதா என்று பார்த்து, மீட்புப் புள்ளி ஒன்றை அமைத்த பிறகே முதல் மாற்றத்தைச் செய்க.