முள் வாசலும் ஆறு இலக்கமும்

கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறினால், பயணம் முடியப்போகும் நேரத்தில் "கடவத்த, கடவத்த" என்று கொண்டக்டர் கூவுவார். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குக் காவல் வாசல் என்று பொருள். இன்று அங்கே இறங்குகிறவரிடம் டிக்கெட்டைத் தவிர யாரும் எதையும் கேட்பதில்லை. இரண்டாம் இராஜசிங்கன் ஆண்ட காலத்தில், கண்டி இராச்சியத்துப் பாதைகளில் இருந்த வாசல்களைத் தாண்ட ஒரு களிமண் துண்டு வேண்டும்.

இந்தக் கதை அந்தக் களிமண் துண்டினுடையது. அதைப் பற்றி நமக்குச் சொன்னவர் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1660இல் கொட்டியாரத்தில் தகப்பனோடு பிடிபட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது. பத்தொன்பது வருடத்துக்கு மேல் இந்த மலைநாட்டிலேயே கைதியாகக் கிடந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், கண்டிக்குப் பக்கத்தில் எலதெட்டயில் வீடு கட்டிக் குடியிருந்தார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இந்தக் களிமண் கடவு வருகிறது.

அது அரசவையில் பிறக்கும். ஈரக் களிமண்ணில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். போர்வீரன் என்றால் தோளில் ஈட்டி வைத்த ஆள். கூலியாள் என்றால் காவடித்தடியின் இரண்டு முனையிலும் பை தொங்கவிட்ட ஆள். வெள்ளைக்காரன் என்றால் தொப்பி போட்டு இடுப்பில் வாள் வைத்த ஆள். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை முத்திரை. மூன்று பேருக்கு வாங்கிய மண்ணோடு நான்காவது ஆள் ஒட்டிக்கொண்டு போக முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத காவல்காரனும் மண்ணை ஒரு தரம், ஆளை ஒரு தரம் பார்த்தால் போதும்.

அது போய்ச் சேருமிடம் முள் வாசல். மூன்று நான்கு அங்குல நீளத்தில் இரும்பு ஆணி மாதிரி முள் விட்ட கிளைகளை நெருக்கிப் பின்னிய கதவு. யானைமேல் இருந்தபடியே கடக்கிற உயரம். மேல் மரத்தில் தொங்கும். வேண்டும்போது தூக்குவார்கள், மற்ற நேரம் இறக்கிவிடுவார்கள். அந்த முள்ளில் ஒன்றைப் பிறகு லண்டனில் கிரஷாம் கல்லூரிக் காட்சிச்சாலையில் பார்த்ததாக நொக்ஸ் எழுதுகிறார்.

அப்படிப்பட்ட ஏற்பாட்டை அவர் எப்படித் தாண்டினார்? முள்ளில் கை வைக்கவில்லை. வருடக்கணக்காக மூட்டை தூக்கி வடக்கே வியாபாரம் போய் வந்து, பழகிய முகமாகிவிட்டார். 1679 செப்டெம்பர் 22ஆம் திகதி ஸ்டீபன் றட்லன்ட் என்ற தோழரோடு கடைசி முறையாகக் கிளம்பினார். அநுராதபுரம் பக்கத்து அதிகாரியிடம் நேரே போய், மான் வற்றல் வாங்க வந்தோம் என்று சொல்லிக் காணிக்கையும் வைத்தார். அவர்கள் அங்கே இருக்கும்போதே, காவலை இறுக்கச் சொல்லி அரச கட்டளையோடு வீரர்கள் வந்து நின்றார்கள். வெற்றிலை கொடுத்துப் பேசி அவர்களையும் சமாளித்தார். பிறகு மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்கள். நம்மவர்கள் அதை அருவியாறு என்பார்கள். தமிழ் பேசுகிற ஊர்களைத் தாண்டி, ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்புக் கோட்டையில் டச்சுக்காரரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கதவு கடைசிவரை பலமாகத்தான் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் நின்ற மனிதன்தான் ஒரு நல்ல கதையை நம்பிவிட்டான்.

மண் அதன் பிறகு சொல்லானது. 1961இல் அமெரிக்காவின் எம்ஐடியில், ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டபோது பெர்னாண்டோ கோர்பட்டோ குழு ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தது. அடுத்த வருடமே அலன் ஷெர் என்ற மாணவர், கடவுச்சொல் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி அந்தக் கணினிக்கே துளை அட்டையில் விண்ணப்பம் போட்டார். அதுவும் அடித்துக் கொடுத்துவிட்டது. 1981இல் லெஸ்லி லம்போர்ட் என்ற கணினி விஞ்ஞானி, ஒரு தரம் பாவித்ததும் செத்துப்போகிற கடவுச்சொல்லுக்கு வழி எழுதினார். திருடியவன் கையில் பிணம்தான் இருக்கும் என்பது கணக்கு. அந்த வம்சத்தில் வந்ததுதான் இன்று நம் போனுக்கு வருகிற ஆறு இலக்கம்.

என்னைக் கேட்டால், ஒரு விஷயத்தில் களிமண்தான் கெட்டிக்காரன். தன்னைக் கொண்டுவருகிறவன் யார், எத்தனை பேர் என்பதை அது சுமந்து வந்தது. ஆறு இலக்கத்துக்கு அதெல்லாம் தெரியாது. யார் தட்டினாலும் திறக்கும்.

போன வருடம் கட்டுகஸ்தோட்டையில் என் சித்திக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. அனுப்பியவர் கோயில் சபையில் கூட இருக்கிற அம்மா. "அக்கா, என்னோட கோட் ஒன்னு தவறி ஒங்க போனுக்கு வந்திருச்சு, கொஞ்சம் அனுப்பிவிடுங்களேன்." பார்த்தால் உண்மையாகவே எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்கம் வந்திருந்தது. சித்தி அனுப்பிவிட்டார். அனுப்பாமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே!

நடந்தது இதுதான். அந்த அம்மாவின் கணக்கு அதற்கு முந்தின நாளே பறிபோயிருந்தது. திருடன் தன் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து சித்தியின் நம்பரைப் போட்டான். வட்ஸ்அப் வழக்கம்போல நம்பருக்குச் சொந்தக்காரிக்குக் கோட் அனுப்பியது. அந்தக் கோட் கட்டுகஸ்தோட்டைச் சமையலறையில் ஒரு நிமிடம் தங்கிவிட்டுத் திருடனிடம் போனது. கால் மணித்தியாலத்தில் சித்தியின் பெயரில் எல்லோருக்கும் அவசரக் கடன் கேட்டுச் செய்தி போனது. பழைய அரட்டைகள் சித்தியின் போனிலேயே இருப்பதால் அவை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் குழுக்களில் புதிதாக விழுந்ததெல்லாம் அவன் கண்ணில் பட்டது.

நம்பரை மறுபடி பதிந்து புதுக் கோட் போட்டதும் அவன் வெளியே தள்ளப்பட்டான். சித்திக்கு அதிர்ஷ்டம். அவன் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு ஒரு பின் நம்பர் வைத்திருந்தால், அந்த நம்பர் தெரியாத சித்தி உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101ஐ அழைத்து விபரம் சொன்னோம். குழுக்களில் எச்சரிக்கை போட்டோம். பணம் அனுப்பியவர் ஒருவர். அவர் சித்தியிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடவின் அடுத்த பிறவி பாஸ்கீ. போனுக்குள்ளேயே பிறந்து, எந்த இணையதளத்துக்காக உண்டானதோ அந்த முகவரிக்கு மட்டும் பதில் சொல்லும். வாசித்துக் காட்ட அதில் இலக்கமும் இல்லை, எழுத்தும் இல்லை. கூகுள், அப்பிள், மைக்ரோசொஃப்ட் மூன்றும் இதைப் பரப்பப்போவதாக 2022 மே மாதம் அறிவித்தன. சித்தி அதற்கெல்லாம் பழக நாளாகும். அதுவரைக்கும் வட்ஸ்அப்பில் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

"ஆறு நம்பர் கேக்குது. பொறந்த திகதி போடட்டா?"

"வேணாம் சித்தி. அது ஊருக்கே தெரியும்."

"அப்ப இந்த நம்பர யாருகிட்டயும் சொல்லக் கூடாது?"

"யாருகிட்டயும்."

சித்தி என்னை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, முந்தானையால் போனை மூடித் தட்டத் தொடங்கினார்.