பரணில் இருந்த பச்சைச் சீசா



தென்காசியில் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்டும் வேலை தொடங்கியபோது, பரணிலிருந்து இறங்கிய பொருள்களுள் பெரிய கண்ணாடிச் சீசா ஒன்றும் இருந்தது. முழங்கால் உயரம், பருத்த வயிறு, ஒடுங்கிய கழுத்து, கடல்நீரின் பச்சை நிறம். என் உம்மாவின் உம்மா அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், அதிலிருந்து எண்ணெய் எடுத்துப் பிள்ளைகளின் தலையில் தேய்த்து அருவிக்கு அனுப்புவது அவர் வழக்கம்.

பழைய சாமான் வாங்க வந்தவர் அதற்கு ஒரு விலை சொன்னார். வீட்டில் இரண்டு கருத்துகள் எழுந்தன. “கொடுத்துவிடலாம், வைக்க இடமில்லை” என்றார் ஒருவர். “இது வெள்ளைக்காரன் காலத்துச் சாராயச் சீசா. முஸ்லிம் வீட்டில் இருக்கலாகாது, உடைத்துப் போடுங்கள்” என்றார் மூத்தவர் ஒருவர். விற்பதா, உடைப்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன் அதன் வரலாற்றைத் தேடினேன். கிடைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நாம் நாள்தோறும் சொல்லும் ‘சீசா’ என்பது கண்ணாடியைக் குறிக்கும் ‘ஷீஷா’ என்னும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. இத்தகைய பெருஞ்சீசாவை ஆங்கிலேயர் ‘கார்பாய்’ என்பர். அதுவும் அவர்கள் சொல்லன்று; ‘கராபா’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. 1680களில் பாரசீகத்தில் தங்கியிருந்த ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பர்ட் கேம்ப்ஃபர், 1712இல் வெளியிட்ட தம் நூலில், கோரை வேய்ந்த பெரிய கண்ணாடிக் கலங்களைக் ‘கராபா’ என்றே குறிப்பிடுகிறார். ஷீராஸ் நகரத்துப் பன்னீர் கண்ணாடிக் கலங்களில் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. அந்நகரின் மதுவும் அவ்வாறே வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. நம் நிக்காஹ் மஜ்லிஸ்களில் தெளிக்கப்படும் பன்னீருக்குப் பின்னால் இப்படி ஒரு கடல்வழி இருக்கிறது.

பன்னீர் வடிக்கும் கலையை ஏட்டில் எழுதி வளர்த்தவர்களுள் முஸ்லிம் அறிஞர்கள் முன்னணியில் நின்றனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தியின் பெயரால் வழங்கும் நறுமண நூல் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளைக் கூறுகிறது. நறுமணத்தை உறிஞ்சாமலும் தன் வாடையை ஏற்றாமலும் காக்கும் கலம் கண்ணாடியே என்பதால், வடிகலை வளர்ந்த நாடுகளில் கண்ணாடித் தொழிலும் வளர்ந்தது.

அக்காலத்தில் உடைந்த கண்ணாடிக்கும் மதிப்பிருந்தது. கி.பி. 1025ஐ ஒட்டி, ஷாம் நாட்டுக் கரையிலிருந்து சென்ற கப்பலொன்று இன்றைய துருக்கியின் செர்ச்சே லிமானி என்னுமிடத்தில் மூழ்கியது. 1977 முதல் 1979 வரை தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் குழுவினர் அதனை அகழ்ந்தபோது, உருக்கி மறுபடி வார்ப்பதற்காக ஏற்றப்பட்ட சுமார் 3 டன் கண்ணாடி கிடைத்தது. அதில் ஒரு பங்கு உடைந்த பாத்திரங்கள். நம் ஊர்க் காயலான் கடை செய்யும் வேலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கப்பல் வணிகர் செய்திருக்கின்றனர்.

பின்னாளில் ஐரோப்பியரும் பெருஞ்சீசாக்களை ஊதிப் பிரம்புக் கூடையில் பொதிந்து ஏற்றுமதி செய்தனர். அவற்றில் மது மட்டும் வரவில்லை. எண்ணெய், வினிகர், மருந்துச் சரக்கு, திராவகம் ஆகியனவும் வந்தன. நம் பகுதிக்கோ கிழக்கே தூத்துக்குடி, மேற்கே ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லம் என இரு துறைமுகங்களின் தொடர்பு உண்டு. 1904இல் செங்கோட்டை–கொல்லம் இருப்புப்பாதை திறந்தபின் அத்தொடர்பு இன்னும் எளிதாயிற்று.

இனி, மூத்தவர் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மது இருந்த கலம் என்றென்றும் விலக்கப்பட்டதா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அப்துல் கைஸ் குலத்தார் வந்தபோது, மது ஊறவைக்கப் பயன்பட்ட சில கலங்களைத் தடுத்தார்கள். ‘ஹன்தம்’ என்னும் பச்சைச் சாடியும் அவற்றுள் ஒன்று. பின்னர் அத்தடையை நீக்கி, எக்கலத்திலும் அருந்தலாம், போதை தருவதை மட்டும் அருந்தலாகாது என்று தெளிவுபடுத்தியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா (ரலி) வினவியபோதும், வேறு கலம் கிடைக்காவிடில் கழுவிப் பயன்படுத்துமாறே வழிகாட்டினார்கள். ஆகவே விலக்கப்பட்டது மது, கலமன்று. மார்க்கத்தின் பெயரால் அதை உடைக்க வேண்டியதில்லை என்று விளங்கியது.

உங்கள் வீட்டிலும் இத்தகைய சீசா இருந்தால் அதன் உடலையே ஏடாகப் படிக்கலாம். பக்கவாட்டில் அச்சின் தையல்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அக்கோடு கழுத்திலேயே நின்றுவிட்டால், வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள் என்று பொருள். வாயின் விளிம்பையும் கடந்து சென்றால் அது இயந்திரத்தில் பிறந்தது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் முழுத் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிய பிறகே அவ்வகை பரவியது. அடியில் சொரசொரப்பான வட்டத் தழும்பு இருந்தால், ஊதிய சீசாவை இரும்புக் கோலில் ஒட்டவைத்துப் பின்னர் பெயர்த்தெடுத்த வடு அது. பச்சை நிறம் மணலிலுள்ள இரும்பால் வருவது. உள்ளே சிறைப்பட்ட குமிழ்கள், உலையில் முழுதும் வெளியேறாத காற்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. திராவகமோ நச்சு மருந்தோ இருந்திருக்கக்கூடிய சீசாவில் உணவுப் பொருளை வைக்க வேண்டாம். காட்சிக்கு வைப்பதே நலம். மேலும், வரலாற்று மதிப்புள்ள 100 ஆண்டுகளைக் கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றமாகும். வெளிநாட்டில் வாழும் உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்ப எண்ணுவோர் இதை நினைவிற்கொள்க.

எங்கள் சீசாவின் தையல்கோடு கழுத்திலேயே நின்றிருந்தது. அதில் முதலில் என்ன வந்தது என்று சொல்ல ஒரு சீட்டும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் அது சுமந்தது எதை என்பதை அறிவோம்: ஒரு மூதாட்டியின் கையால் பேரப்பிள்ளைகளின் உச்சியில் வைக்கப்பட்ட எண்ணெய். அதைச் சொன்னபோது மூத்தவரும் மறுக்கவில்லை. “கழுவி, முன்னறையில் வையுங்கள்” என்றார்.

தூக்கி வைக்கும்போது அன்ஜஷா (ரலி) நினைவுக்கு வந்தார். பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களை அவர் விரைந்து ஓட்டியபோது, கண்ணாடிக் கலங்களைக் கொண்டு செல்வதுபோல் மெல்ல ஓட்டுமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள். கண்ணாடியிடம் காட்டும் மென்மையை மனிதரிடம் காட்டச் சொன்ன மார்க்கம் இது. நம் வீட்டுப் பெரியோர்களையும் அவர்கள் விட்டுச்சென்ற நினைவுகளையும் அவ்வாறே மென்மையாகப் பேணும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.