பெட்டி மாறினால் பலகை பொருந்துமா?



நம் சங்க அலுவலகக் கணினியின் கேபினெட்டில் ஸ்விட்ச் உடைந்து, அடித்தகடும் துருப்பிடித்துவிட்டது. உள்ளே இருக்கும் மதர்போர்டு நன்றாகவே வேலை செய்கிறது. புதுப் பெட்டி மட்டும் வாங்கினால் போதும் என்று செயற்குழு முடிவு செய்து, அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. மேஜையில் இடத்தை அடைக்காத சின்னப் பெட்டியாகப் பார்த்து இணையத்தில் வாங்கினேன். வந்த பிறகு பார்த்தால் போர்டு உள்ளேயே போகவில்லை. தவறு என்னுடையதுதான். உங்கள் பராமரிப்புப் பணம் அல்லவா? பெட்டியைத் திருப்பி அனுப்பி, தொகை சங்கக் கணக்கில் வரவானதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஏன் பொருந்தவில்லை என்று தேடப்போனதில் நாற்பது வருடக் கதை ஒன்று கிடைத்தது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணினி இருந்தால் உங்களுக்கும் இது உதவும்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் 'பிசி'யை வெளியிட்டது. அதன் மின்சுற்று வரைபடங்களையும் கையேடாக அச்சிட்டு விற்றது. அதைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் அதே மாதிரிக் கணினிகளைச் செய்யத் தொடங்கின. முதல் பிசியில் கூடுதல் அட்டைகள் செருக 5 இடங்கள் இருந்தன. 1983-ல் வந்த 'எக்ஸ்டி'யில் 8 இடங்கள் வேண்டும் என்று இடைவெளியை 1 அங்குலத்திலிருந்து 0.8 அங்குலமாகக் குறைத்தார்கள். இன்று நீங்கள் வாங்கும் கேபினெட்டின் பின்புறத்தில் இருக்கும் பட்டைகளை அளந்து பாருங்கள். அதே 0.8 அங்குலம்தான்.

1984-ல் 'ஏடி' வந்தது. அதன் போர்டு ஏறக்குறைய 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. நீளம். பிறகு சில்லுகள் சுருங்கவே, 22-க்கு 33 செ.மீ. அளவில் 'பேபி ஏடி' வந்தது. திருகுத் துளைகள் பழைய பெட்டிக்கே பொருந்தியதால் பல ஆண்டுகள் அதுதான் சந்தையை ஆண்டது. இதற்கென்று யாரும் சட்டம் போடவில்லை. எல்லோரும் ஐபிஎம் போட்ட துளையிலேயே திருகு போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் தொல்லைகளும் இருந்தன. போர்டிலேயே நேராக இருந்தது கீபோர்டு துளை ஒன்றுதான். பிரிண்டர், மவுஸ் எல்லாவற்றுக்கும் உள்ளிருந்து பட்டை ஒயர் இழுக்க வேண்டும். நீளமான அட்டைகளைப் பிராசசரின் விசிறி தடுக்கும். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து ஒரே மாதிரி இரண்டு பிளக்குகள் வரும். கறுப்பு ஒயர்கள் நடுவில் சேரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டே போய்விடலாம். விண்டோஸ் 95-ஐ மூடியதும், 'இனி கணினியை அணைக்கலாம்' என்று திரையில் வருமே, நினைவிருக்கிறதா? போர்டு தானாக மின்சாரத்தை அணைக்க முடியாத காலம் அது. ஸ்விட்சை நாம்தான் அழுத்தினோம்.

இதையெல்லாம் சரிசெய்ய 1995-ல் இன்டெல் நிறுவனம் 'ஏடிஎக்ஸ்' என்ற அளவுமுறையை வெளியிட்டது. 30.5-க்கு 24.4 செ.மீ. போர்டைத் திருப்பி வைத்தது போன்ற அமைப்பு. பிராசசர் அட்டைகளின் வழியிலிருந்து விலகியது. எல்லாத் துளைகளும் பின்புறம் ஒரே செவ்வகத்துக்குள் வந்தன. தவறாகச் செருகவே முடியாத ஒற்றைப் பிளக் வந்தது. மென்பொருளே கணினியை அணைக்கவும் முடிந்தது.

1997-ல் 24.4 செ.மீ. சதுரமாக 'மைக்ரோ ஏடிஎக்ஸ்' வந்தது. 2001-ல் தைவானின் வியா நிறுவனம் 17 செ.மீ. சதுரத்தில் 'மினி ஐடிஎக்ஸ்' கொண்டுவந்தது. சின்ன போர்டுகளின் துளைகள் பெரும்பாலும் பெரிய பெட்டியின் துளைகளோடு பொருந்தும்படி அமைந்தன. ஆகவே சின்ன போர்டு பெரிய பெட்டியில் உட்காரும், பெரிய போர்டு சின்னப் பெட்டியில் உட்காராது. நான் சறுக்கியது இங்கேதான். நம் போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ், நான் வாங்கியது மினி ஐடிஎக்ஸ் பெட்டி.

இன்டெல்லுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. பென்டியம் 4 அதிகம் சூடானதால், காற்றோட்டத்துக்காக 2004-ல் 'பிடிஎக்ஸ்' என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்குப் பெட்டியும் போர்டும் புதிதாக வேண்டும். பெரும்பாலோர் மாறவில்லை. 2006-ல் சூடு குறைந்த பிராசசர்கள் வந்ததும் இன்டெல்லே அதைக் கைவிட்டது.

வங்கியில் இருந்தவனுக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் காசோலை வங்கிக்கு ஒரு அளவில் இருந்தது. இயந்திரம் பிரிக்கத் தொடங்கியதும் எல்லாம் ஒரே அளவுக்கு வந்தன. பொது அளவு என்று ஒன்று இருந்தால்தான் எந்த வங்கிக் காசோலையும் எங்கும் செல்லும், எந்தக் கடை போர்டும் எந்தக் கடைப் பெட்டியிலும் உட்காரும்.

பெட்டி வாங்குமுன் நீங்கள் பார்க்க வேண்டியவை: போர்டின் நீள அகலத்தை ஸ்கேலால் அளந்து, பெட்டியின் விவரத்தில் அந்த அளவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் அளவு, பிராசசர் விசிறியின் உயரம், கிராபிக்ஸ் கார்டின் நீளம் ஆகியவற்றையும் ஒப்பிடுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் பித்தளைக் கால் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையேல் ஷார்ட் ஆகலாம். பின்புறத் துளைகளுக்கான தகட்டைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். அது போர்டோடு சேர்ந்தது. பெரிய பிராண்டுகளின் அலுவலகக் கணினிகள் சிலவற்றில் போர்டு தனி வடிவத்தில் இருக்கும். அவற்றுக்குக் கடைப் பெட்டி பொருந்தாமல் போகலாம்.

இப்போது சங்க அலுவலகத்தில் மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டியில் அதே போர்டு ஓடிக்கொண்டிருக்கிறது. செலவு பெட்டிக்கு மட்டும்தான். அடுத்த முறை மின்கழிவு வண்டி வரும்போது, உங்கள் பழைய கணினியை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை திறந்து அளந்து பாருங்கள். ஸ்கேலும் ஸ்க்ரூ டிரைவரும் என்னிடம் இருக்கின்றன. மாலையில் வந்தால் சேர்ந்தே பார்க்கலாம்.