நக்கவாரத்தில் ஒரு வருஷம்

எங்களுக்கு, அதாவது வங்கிக்காரர்களுக்கு, வருஷம் ஏப்ரல் 1-இல் பிறந்து மார்ச் 31-இல் முடியும். நடுவில் செப்டம்பரில் அரையாண்டுக் கணக்கு முடிப்பு. போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்த பிறகும் இதே கதைதான். (2024-இல் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், எனக்குத்தான் இன்னும் வாயில் வரவில்லை.) போன வாரம் மகள் பள்ளி வேலைக்காக நிக்கோபார் பற்றிக் கேட்டாள். தேடப் போனவனுக்குக் கிடைத்தது நம்ம ஊர்!

நான் பொறையார் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு எத்தனையோ முறை சுற்றுலா போயிருக்கிறோம். அங்கிருந்துதான் டேனிஷ்காரர்கள் நிக்கோபாரை ஆண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 1756-இல் தீவுகள் தங்களுடையவை என்று அறிவித்து, தங்கள் மன்னர் ஃப்ரெடரிக்கின் பெயரையும் சூட்டினார்கள். ராஜேந்திர சோழன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் இவை மாநக்கவாரம் என்று ஏற்கெனவே இருக்கின்றன. தீவுக்காரர்களை மட்டும் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை :-)

1778-இல் ஆஸ்திரியக் கப்பல் ஒன்று நான்கவ்ரிக்கு வந்தது. அதில் வந்த மருத்துவர் ஃபொன்டானா சில மாதங்கள் தங்கி, பார்த்ததை எழுதி வைத்தார். அதைப் படித்தால் தீவு மக்களின் ஒரு வருஷம் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது.

அவர்களுக்கு வருஷம் என்பது இரண்டு காற்று. தென்மேற்குக் காற்று ஒன்று, வடகிழக்குக் காற்று ஒன்று. ஒவ்வொரு காற்றுக்கும் ஏழு நிலவு, ஆக மொத்தம் 14 என்கிறார் ஃபொன்டானா. எனக்குக் கணக்கு இடித்தது. நம் ஓராண்டில் 12 நிலவும் சில நாட்களும்தானே வரும்? காற்று திரும்பியதும் பழைய கணக்கை மூடிப் புதியதைத் தொடங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். தேதி பார்த்து இல்லை, கடலைப் பார்த்து! நாங்கள் மட்டும்தான் அரையாண்டுக் கணக்கு முடிக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

சாப்பாடு? வயலும் நெல்லும் கிடையாது. தேங்காய், மீன், பன்றி, கோழி, கூடவே ஒரு பெரிய தாழம்பழம். நம்ம ஊரில் பூவுக்காக மட்டுமே தெரிந்த தாழையின் இனம். பழத்தைப் பல மணி நேரம் வேகவைத்து, நாரை நீக்கி, மாவு போலத் திரட்டி எடுப்பார்கள். அதுதான் அவர்களின் சோறு.

வடகிழக்குக் காற்று தொடங்கியதும் பெரிய ஓடங்களில் வடக்கே கார் நிக்கோபாருக்குப் பயணம். ஐரோப்பியக் கப்பல்களிடம் வாங்கிய துணி, இரும்பு, புகையிலை, வெள்ளிக்காசு எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து ஓடம், ஈட்டி, ஆமையோடு வாங்கி வருவார்கள். காற்று, சரக்கு, பரிமாற்றம் எல்லாம் தெரிந்த வியாபாரிகள்!

வருஷத்துக்கு ஒருமுறை இறந்தவர்களுக்கான நாள். வீடுகளைப் பூவாலும் பழத்தாலும் அலங்கரித்து, பகலில் விருந்து. மாலையில் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். பிறகு எல்லோரும் இடுகாட்டுக்குப் போவார்கள். நெருங்கிய உறவுப் பெண் மண்டையோட்டை எடுத்துத் தேங்காய்ப்பாலில் கழுவி, புதுத்துணியில் சுற்றி மறுபடியும் புதைப்பாள். படித்தபோது முதலில் திக்கென்றது. அப்புறம் அப்பாவின் திதி ஞாபகம் வந்தது. இரண்டு வருஷமாக என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. தம்பிதான் செய்கிறான்.

வெளியிலிருந்து வந்தவர்கள் கதை வேறு. தரங்கம்பாடியிலிருந்து போன மொராவிய மிஷனரிகள் 1768 முதல் 1787 வரை நான்கவ்ரியில் இருந்தார்கள். அவர்களில் ஹென்சல் என்பவர் சிப்பிகளும் பாம்புகளும் சேகரித்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பி விற்றுக் காலம் தள்ளினார். 11 பேர் தீவிலேயே இறந்தார்கள். காய்ச்சலோடு தரங்கம்பாடி திரும்பி இறந்தவர்கள் இன்னும் 13 பேர். ஆஸ்திரியக் குடியேற்றமும் சில ஆண்டுகளில் கலைந்தது. டென்மார்க் 1868-இல் தீவுகளை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

புத்தகங்களில் இவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. இரண்டு காற்றையும் எண்ணி வாழ்ந்த ஒரு நிக்கோபார்க்காரர் பெயர்கூட நான் படித்ததில் இல்லை. ஆனால் அவர்கள் பிள்ளைகள் இன்றும் இந்தத் தீவுகளில் இருக்கிறார்கள். என் கவுண்ட்டருக்கும் வருகிறார்கள். அவர்களிடம் பிறந்த தேதியும் முகவரிச் சான்றும் தவிர வேறெதுவும் இதுவரை நான் கேட்டதில்லை.

நாமும் வந்தேறிகள்தான். பொங்கல் எப்போது, ஊருக்கு டிக்கெட் எப்போது, மாற்றல் எப்போது என்றே நம் வருஷம் ஓடுகிறது. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், அந்த மண்ணின் மனிதர் ஒருவரிடம் அவர்கள் வருஷம் எப்படிப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். நான் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன். மகள் நோட்டில் எழுத அதுதான் பாக்கி.