வந்தவங்கள எங்க கூட்டிட்டுப் போறது?

போன ஏப்ரலில் எங்கள் அம்மாயியின் தங்கச்சி கோத்தகிரியிலிருந்து வந்தார். எங்களுக்கு அவர் சின்னம்மாயி. 1974இல் பதினைந்து வயதில் இந்தத் தோட்டத்தை விட்டுப் போனவர், இப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி வருகிறார். கூடவே கோயம்புத்தூரில் படிக்கும் அவரது பேத்தியும் வந்திருந்தாள். முதல் இரண்டு நாளும் வீட்டில்தான் விருந்து. கோழிக்கறி, ரொட்டி, சம்பல், மறுபடியும் கோழிக்கறி. லயத்தில் ஒரு வீடு விடாமல் கூப்பிட்டார்கள். மூன்றாவது நாள் அந்தப் பிள்ளை போனை நீட்டி, "இந்த மாதிரி இடமெல்லாம் இங்கதானே இருக்கு, போவமா?" என்று கேட்டாள். நுவரெலியாப் பக்கம் கண்ணாடிச் சுவரும் வெளியே தேயிலை மலையுமாக ஒரு கஃபே.

நாங்கள் பேராதனையில் படிக்கும் பிள்ளைகள். கண்டியில் நண்பர்களோடு கஃபேக்குப் போய் ஒரு கோப்பியை இரண்டு மணித்தியாலம் குடிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்களை அப்படியொரு இடத்துக்கு நாங்கள் இதுவரை கூட்டிப் போனதில்லை. வேன் பிடித்துப் போனோம். கஃபே வாசலில் சின்னம்மாயி நின்றுவிட்டார்.

"உள்ள போகலாமா? கேட்டுட்டு வாங்க."

"யாருகிட்ட அம்மாயி கேக்கணும்? கடைதானே."

அவர் நகரவில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனோம். சிரித்திருக்கக் கூடாதென்று பிறகுதான் தோன்றியது. யாரிடம் கேட்பது என்பது மலையகத்தில் ஒரு காலத்தில் சட்டப்படியே இருந்த கேள்வி.

விருந்தாளி வருவதில் இருந்தே தொடங்கலாம். தோட்டம் கம்பனியின் சொத்து. லயக்காம்பிராவும் அப்படித்தான். அதில் நாலு தலைமுறை பிறந்து செத்திருந்தாலும், வெளியாள் ஒருவர் துரையின் அனுமதியில்லாமல் அங்கே வந்தால் அத்துமீறி நுழைந்த குற்றம். பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் நாம் அறிந்த கோ. நடேசய்யர், தோட்டத்துச் சனங்களின் நிலைமையைப் பார்க்க புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார் என்று சொல்வார்கள். அதில் சாகசக் கதையின் ருசி இருக்கிறது, எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு தமிழர் இன்னொரு தமிழரின் வீட்டு வாசலுக்குப் போக வேஷம் போட வேண்டியிருந்தது என்பதுதான் அதில் உள்ள செய்தி. துணி விற்க வருகிறவனுக்குக் கதவு திறக்கும், சும்மா பேச வருகிறவனுக்குத் திறக்காது. நடேசய்யர் 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் தொடங்கிய பிறகும் இந்த வாசல் பிரச்சினை தீரவில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் நுழையலாம் என்று தனியாக ஒரு சட்டம் வர 1970 ஆக வேண்டியிருந்தது. சுதந்திரம் கிடைத்து இருபத்திரண்டு வருடம் கழித்து!

அடுத்தது சாப்பாடு. டவுனுக்குப் போய்ச் சாப்பிட கையில் காசு வேண்டும். ஆரம்பத்தில் இருந்தே சம்பளத்தின் ஒரு பங்கு அரிசியாக வந்தது. அரிசியைத் தோட்டம் கொடுக்கும், விலையைச் சம்பளத்தில் கழிக்கும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்கூட கூலியோடு சேர்த்து அரிசியின் விலையையும் நிர்ணயித்தது. போதாததற்கு கங்காணியிடம் கடன். துண்டு முறையில் அந்தக் கடன் ஆளோடு சேர்ந்தே தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. துண்டை 1921இல் ஒழித்தார்கள். கடன் அவ்வளவு லேசில் ஒழியவில்லை, எங்கள் வீட்டில் இன்றைக்கும் தீபாவளி அட்வான்ஸ் கழிகிறது. என்ன சாப்பிடுவது, எங்கே சாப்பிடுவது என்று தானாகத் தீர்மானிக்கிற சந்தர்ப்பமே அபூர்வமாக இருந்த ஒரு சமூகம் இது.

அதனால்தான் டவுன் சைவக்கடையை நாங்கள் வெறும் சாப்பாட்டுக்கடையாகப் பார்ப்பதில்லை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ சம்பள நாளன்று ஒரு தொழிலாளி மேசையில் உட்காருவார், இன்னொருவர் வந்து "என்ன வேணும்?" என்று கேட்பார். பெரட்டுக்களத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு அந்த வடைத் தட்டு! வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து எப்போதும் குழம்புவார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமலே வடை, ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் அடுக்கிய ஒரு தட்டு மேசைக்கு வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு. எத்தனை தின்றீர்கள் என்று நீங்களே சொல்ல வேண்டும், கடைக்காரர் நம்புவார். (கோயம்புத்தூர்ப் பிள்ளை முழுத் தட்டுக்கும் பில் வருமென்று பயந்து ஒன்றைக்கூடத் தொடவில்லை. நாங்கள் சொன்ன பிறகு நாலு உளுந்து வடை போனது.) தோட்டத்தில் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் தராசுக்காரரோடு சண்டை போடுகிற சனத்துக்கு, தான் சொல்லும் எண்ணிக்கையை நம்புகிற ஒரு இடம்.

சைவக்கடைகளை ரொம்பவும் புனிதமாக்கவும் வேண்டாம். தேநீர்க்கடை எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கடைக்குள் போய் மற்றவர்களைப் போல உட்கார்ந்து குடிக்கவே 1960களின் கடைசியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் உயிர்ப்பலியும் உண்டு. அந்தப் பக்கம் மெட்ராசில், 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய முரளி கஃபேக்கு எதிராக 1957இல் பெரியார் மறியல் நடத்தினார். ஒரு கோப்பையும் ஒரு நாற்காலியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த இரண்டு கதையும் சொல்லும்.

துரைமார் சாப்பிட்ட இடங்களும் இங்கேயே பக்கத்தில்தான் இருந்தன. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள கன்னொருவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் போட்டவர். நுவரெலியாவில் அவர் கட்டிய வீடுதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டல் ஆனது. தோட்டத்துரைமாருக்காக ஹில் கிளப் தொடங்கியது 1876இல். இரவுச் சாப்பாட்டுக்கு டை கட்ட வேண்டும் என்ற வழக்கத்தை அந்தக் கிளப் வெள்ளைக்காரன் போன பிறகும் விடவில்லை. கோப்பியை இலைநோய் தின்று முடித்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை மலையெல்லாம் பரவி, ரயில் 1885இல் நானுஓயா வரை ஏறிவந்ததும், கொழும்புத் துரைமாரும் வெயிலுக்குத் தப்பி மேலே வந்தார்கள். இப்போதும் ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் 'சீசன்'. அந்த மேசைகளுக்கு எங்கள் ஆட்களும் போனார்கள், தட்டு தூக்குகிறவர்களாக, தோட்டம் கூட்டுகிறவர்களாக, சமையல்கட்டின் பின்வாசல் வழியாக.

சொல்லப் போனால் தேத்தண்ணியே அப்படித்தான் எங்களுக்கு வந்தது. கொழும்பில் 1883இல் தேயிலை ஏலம் தொடங்கியது. நல்ல பி.ஓ.பி. எல்லாம் ஏலத்துக்குப் போய்க் கப்பலேறும். இன்றைக்கும் இந்த நாட்டுத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதிதான். தோட்டத்தில் மாதாமாதம் கிடைப்பது தூள். அதைக் கொதிக்க வைத்து, பாலில்லாமல், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்கிற சாயத்தண்ணியில்தான் நாங்கள் வளர்ந்தோம். அது எங்களுக்குப் பிடிக்கும், குறையொன்றும் இல்லை. ஆனால் எங்கள் அம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர், தான் பறித்த மலையின் நல்ல தேயிலையை முதன்முதலாகக் குடித்தது அந்தக் கஃபேயில். ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயம் ஏறவே இல்லையே" என்றார். பேத்தி அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஊரில் பாலில்லாத டீயை மலையாளத்தில் சொல்வது போலக் கட்டன் என்றுதான் சொல்வார்களாம்.

மெனுவில் அந்தக் கோப்பை 850 ரூபாய். 2024இல் போராடிப் பெற்ற அடிப்படை நாட்சம்பளம் 1,350. அதற்கு முன் 1,000 ரூபாய்க்காக வருடக்கணக்கில் கத்தி, 2021இல்தான் அது கிடைத்தது. அம்மா கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை. மெனு அட்டையை மூடி ஓரமாக வைத்தார், அவ்வளவுதான்.

வாசலில் ஏன் நின்றேன் என்று சின்னம்மாயி அந்த மேசையில் வைத்துத்தான் சொன்னார்.

"எழுபத்து மூணு எழுபத்து நாலுல பஞ்சம். ஹட்டன் டவுனுக்கு நானும் ஒங்க அம்மாயியும் தம்பியத் தூக்கிட்டுப் போவோம். கடை வாசல்ல நிப்போம். உள்ள போக மாட்டோம். தின்னு மிஞ்சுனத ஒரு ஆள் பேப்பர்ல சுத்திக் குடுப்பாரு. அதுல இருந்து கடை வாசல்னா காலு நின்னுரும்."

அந்தப் பஞ்சம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரிகூட இல்லை. 1973இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியபோது அரசாங்கம் கூப்பன் அரிசியையும் மாவையும் சீனியையும் வெட்டியது. கிராமத்தில் ஒரு துண்டு நிலமாவது இருந்தவர்கள் மரவள்ளி நட்டார்கள். தோட்டத்துச் சனத்துக்கு நிலமில்லை. அதே நேரம் தோட்டங்கள் அரசுடைமையாகிக் கொண்டிருந்த குழப்பத்தில் வேலை நாளும் குறைந்தது. தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள், டவுன்களில் கையேந்தினார்கள். உலகமெல்லாம் தேத்தண்ணி குடிக்க வைத்த மலை அது.

போவதா இருப்பதா என்ற கேள்வியை அந்தப் பசிதான் பல வீடுகளில் முடித்து வைத்தது. 1948இல் குடியுரிமை பறிபோன சனத்தை 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு பிரித்தது, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் பிரிந்தது. அம்மாயி கலியாணம் முடித்த வீடு இங்கே இருக்க எழுதிக் கொடுத்தது, பூட்டன் அங்கே போக எழுதிக் கொடுத்திருந்தார். சின்னம்மாயி போன ரயிலைப் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம். ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் தமிழ்நாடு அரசு நட்டிருந்ததும் தேயிலைதான். அங்கே அவர்களுக்குப் பேர் சிலோன்காரங்க. இங்கே எங்களுக்கு இந்தியத் தமிழர்.

அவர்களுக்குப் பேப்பரில் சுற்றிக் கொடுத்த கடை இப்போது இல்லை. அது எப்போது மூடியது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. 1983 ஜூலையில் நுவரெலியா டவுனில் தமிழர் கடைகள் எரிந்த பிறகு, மலையகத்தில் பல முதலாளிகள் விற்றுவிட்டுப் போனார்கள் என்று சொல்கிறார்கள். தப்பி நின்ற கடைகளில்தான் இன்றைக்கும் எங்கள் தோட்டத்துப் பெடியன்கள் ரொட்டி வீசுகிறார்கள், கொழும்புக் கடைகளிலும் அவர்கள்தான்.

1990களுக்குப் பிறகு மலையே விருந்தாளிகளுக்காக மாறத் தொடங்கியது. கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலை ஹோட்டலானது, 2005இல் பொகவந்தலாவைப் பக்கத்துத் துரை பங்களாக்கள் சொகுசு விடுதியாயின. தலவாக்கலைக்குப் போகிற வழியில் கோட்டை மாதிரி ஒரு தேநீர்க்கூடம் நிற்கிறது. இதெல்லாம் வேண்டாமென்று சொல்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. எங்கள் கூட்டாளிகள் அங்கே வேலை செய்கிறார்கள், நாங்களும் போட்டோ எடுக்கப் போகிறோம். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களில் கூடையோடு நிற்கிற பெண்களுக்குப் பேர் போட்டு நாங்கள் எங்கேயும் பார்த்ததில்லை. துரைமாருக்குப் பேர் இருக்கிறது, சில இடங்களில் அவர்களுடைய நாய்க்கும்.

ஐந்து பேருக்கு பில் 7,400 வந்தது. நாங்கள் இரண்டு பேர் மஹாபொல காசைச் சேர்த்துக் கட்டினோம். சின்னம்மாயி பில்லை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கோத்தகிரியில் காட்டணுமாம்.

திரும்பும்போது ஹட்டனில் வேனை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவக்கடை. இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை, எங்களுக்கு முன்னால் ஏறிப்போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். வடைத் தட்டு வந்தது. பிளேன்டீ ஐந்து. கடைப் பெடியனிடம், "தம்பி, சீனிய உள்ள போடாத, கையில குடு" என்றார். அவன் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, உள்ளே போய் ஒரு கரண்டிச் சீனியைக் கொண்டுவந்தான்.